தணலில் வேகும் கோழி

அடுக்களையை விட்டு வெளியே வந்து, மரநிழலில் அடுப்புக் கூட்டிக் கோழியை வாட்டி உண்பதில் குடும்பத்தார் அனைவருக்கும் மகிழ்ச்சி உண்டு. மாணவர்களின் சுற்றுலாக்களுக்கும் இது ஏற்ற விருந்தே. ஆயின், புறம் கருகி அகம் வேகாத துண்டு ஒன்று குழந்தையின் தட்டில் விழுந்துவிட்டால் விருந்தே வினையாகிவிடும். ஆதலின் இவ்விருந்தின் முறையை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

இத்துறையில் பெயர் பெற்றவர் அமெரிக்க நாட்டுக் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரொபேட் பேக்கர். நியூயோர்க் மாநிலத்துப் பண்ணையாளரின் கோழிகளை மக்கள் மேலும் விரும்பி வாங்குமாறு செய்வது அவர் மேற்கொண்ட பணி. இளங்கோழியைத் திறந்த வெளியில் வாட்டும் முறையை விளக்கி, 1950 ஆம் ஆண்டில் அவர் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். அதன்பின் அம்மாநிலத்துத் தீயணைப்புப் படையினரும் தேவாலயத்தாரும் நிதி திரட்ட நடத்தும் விருந்துகளில் ‘கோர்னெல் கோழி’ நிலையான இடம் பெற்றது.

அவர் கூட்டிய சாறு மிக எளிது. நெடுக்காகப் பிளந்த 10 பாதிக் கோழிகளுக்கு 1 முட்டை, 1 கோப்பை எண்ணெய், 2 கோப்பை வினாகிரி, 3 மேசைக்கரண்டி உப்பு, சிறிது மிளகுத்தூள், உலர்ந்த வாசனைத் தழைகளின் தூள் ஆகியன போதும். முட்டையை நன்றாக அடித்து எண்ணெயைச் சேர்த்தால், எண்ணெயும் வினாகிரியும் எளிதிற் பிரியா. சீனி சேராமையால் இச்சாறு விரைவிற் கருகுவதுமில்லை.

இனி, நெருப்பைப்பற்றிக் கூறுவோம். கோழியை வேகவைப்பது சுவாலையன்று, தணலே. நம் நாட்டிற் கிடைக்கும் சிரட்டைக் கரி இதற்கு மிகப் பொருத்தமானது. கரியின்மேல் சாம்பல் வெண்மையாகப் படர்ந்த பின்னரே இறைச்சியைக் கம்பித்தட்டில் இடுதல் வேண்டும். கொழுப்பு உருகித் தணலில் சொட்டினால் சுவாலை எழும். இறைச்சியிற் கரி படிந்து கசக்கும். அவ்வேளை துண்டுகளைத் தணல் குறைந்த ஓரத்திற்கு நகர்த்துக. அடிக்கடி புரட்டிச் சாறு தடவி வந்தால், பாதிக் கோழி வேகச் சுமார் 1 மணி நேரம் செல்லும். பசித்த பிள்ளைகள் அவசரப்படுத்துவர். அடுப்படியில் நிற்பவர் இணங்கலாகாது.

வெந்ததை அறிவது எங்ஙனம்? நிறத்தைக் கண்டு தீர்மானிப்போர் ஏமாறுவர். இளங்கோழியின் எலும்பை ஒட்டிய தசை நன்கு வெந்த பின்னரும் சிவந்திருத்தல் கூடும். புகையூட்டிய இறைச்சியும் அவ்வாறே. மறுபுறம், பொன்னிறமான தோலின்கீழ் வேகாத தசை மறைந்திருத்தலும் உண்டு. பச்சைக் கோழியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் முதலிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். சமையல் வெப்பமானியை, எலும்பிற் படாதவாறு, தொடையின் தடித்த பகுதியிற் செலுத்துக. 74 பாகை செல்சியஸ் காட்டினால் அச்சமின்றி உண்ணலாம்.

புகையினால் மணமூட்ட விரும்புவோரும் புகை மட்டுமே இறைச்சியைச் சமைத்துவிடும் என எண்ணலாகாது. புகையடுப்பின் உள்வெப்பம் 107 பாகை செல்சியஸுக்குக் குறையாதிருத்தல் நன்று.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. சாற்றிற் பச்சை முட்டை உண்டு; தடவும் தூரிகையோ பச்சை இறைச்சியைத் தொட்டது. ஆகவே இறக்குவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே தடவுவதை நிறுத்துக. எஞ்சிய சாற்றை உணவோடு பரிமாறாதீர். பச்சை இறைச்சி வைத்த தட்டிலே வெந்ததை வையாதீர். மழை வந்தால், கரி அடுப்பை வீட்டினுள்ளே கொண்டு செல்லவும் வேண்டாம். அதிலிருந்து எழும் காபன் மொனொட்சைட்டு கண்ணுக்குத் தெரியாது, மணமும் இராது, உயிரைக் குடிக்கும்.

பௌதிக வகுப்பில் வெப்பமானியைப் படித்த மாணவர்கள் இவ்விருந்திற் காவலராக அமையட்டும். ‘வெந்துவிட்டது’ என்று சொல்லும் உரிமையை அவர்களிடமே பெற்றோர் ஒப்படைக்கலாம். கற்றது வீட்டாரின் நலனைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பாடம் வேறு யாது?