மசலாவை மறந்த சமுதாயம்

'மசலா' என்னும் சொல்லை இன்றைய நம் பிள்ளைகளிடம் கூறினால் அவர்களுடைய நினைவு அடுப்பங்கரையை நோக்கித்தான் செல்லும். கறிக்குச் சேர்க்கும் மசாலாவை அவர்கள் அறிவர்; தமிழ் முஸ்லிம்களின் இலக்கியப் பேழையில் முதலில் இடம்பெற்ற மசலாவை அறியார். பெற்றோர் மறந்துவிட்ட ஒன்றைப் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்?

'மஸ்அலா' என்பது அரபுச் சொல். வினா என்றும், ஆராய்ந்து விடை காண வேண்டிய பொருள் என்றும் அதற்குக் கருத்து. அதுவே தமிழில் 'மசலா' என்று உருப்பெற்று ஓர் இலக்கிய வகைக்குப் பெயராயிற்று. பல்சந்த மாலையின் பாடல்களில் சிலவே களவியற் காரிகை உரையின் வாயிலாக நமக்கு எஞ்சின. முழுமையாகக் கிடைத்துள்ள முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் எது? 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் பாடி, மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா'வே. மிகுராசு மாலை 1590இல் வந்தது. சீறாப்புராணமோ அதற்கும் பின்னர் வந்தது. ஆக, தமிழில் நம் இலக்கியம் வினாவோடு பிறந்தது. அந்த வினாவைத்தான் இன்று வீட்டிலும் பள்ளியிலும் வாய்பொத்தி நிற்கச் செய்திருக்கிறோம்.

நாம் வாழும் மணலி புதுநகரிலும், அண்டையிலுள்ள எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் பிள்ளைகளின் கைகளில் எந்த நூல்கள் உள்ளன என்று பாருங்கள். பாடநூல் இருக்கும், பாடநூலுக்குக் கோனார் உரை போன்ற துணைநூல் இருக்கும், மாலை மதரஸாவுக்கு மனனப் பாடக் கையேடு இருக்கும். மூன்றும் விடைகளை ஊட்டுபவை. தானே எண்ணி, தடுமாறி, ஈற்றில் "கண்டுகொண்டேன்!" என்று குதூகலிக்க ஒரு விடுகதை நூலோ, கணக்குப் புதிர் நூலோ, துப்பறியும் கதையோ அங்கே இல்லை. கேட்டால் மூவகை மறுப்புகள் வருகின்றன. மூன்றையும் எடுத்து ஆராய்வோம்.

முதல் மறுப்பு மார்க்கத்தின் பெயரால் எழுகிறது. "விடுகதையும் புதிரும் வீண்பொழுது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குழப்பும் வினாக்களைத் தடுத்துள்ளார்கள்" என்பர் சிலர். அபூதாவூதில் அவ்வாறு ஓர் அறிவிப்பு இருப்பது மெய்யே. ஆனால் ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பகுதியையும் இவர்கள் புரட்டிப் பார்க்கலாகாதா? அங்கே அண்ணலார் தம் தோழர்களிடம் ஒரு விடுகதையே போடுகிறார்கள்: இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையாகும், அஃது எம்மரம்? தோழர்களின் எண்ணம் பாலைநிலத்து மரங்களையெல்லாம் சுற்றி வருகிறது. பேரீச்ச மரம் என்னும் விடை ஒருவருடைய உள்ளத்தில் மட்டும் உதிக்கிறது. அவர் அவையிலேயே இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர் வாய் திறவாதிருக்கத் தாம் பேசுவது எப்படி என நாணி, அவர் மௌனம் காத்தார். பின்னர் இதனைத் தம் தந்தையிடம் கூறியபோது, "நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும்" என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த நபிமொழிக்கு இட்ட தலைப்புகளுள் ஒன்று, தோழர்களின் அறிவைச் சோதிக்கத் தலைவர் ஒரு 'மஸ்அலா'வை முன்வைப்பது பற்றியது. ஆம், அதே சொல்! புகாரிக்கு விரிவுரை கண்ட இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் மேற்கண்ட இரு அறிவிப்புகளையும் அருகருகே வைத்து ஆராய்கிறார்கள். பயனற்ற வினாக்களையும், எதிரிலிருப்பவரை இக்கட்டில் மாட்டி இழிவுபடுத்தக் கேட்கும் வினாக்களையுமே தடை குறிக்கிறது என்று தெளிவுபடுத்துகிறார்கள். அதுமட்டுமன்று; விடுகதை போடுபவர் விடையை அறவே மூடிவிடலாகாது, கேட்பவர் நுழைவதற்கு ஒரு வாயிலேனும் வைக்க வேண்டும்; கேட்பவரும் சூழ்நிலையின் குறிப்புகளைக் கவனிக்க வேண்டும் என்று விடுகதைக்கு இலக்கணமே வகுத்துவிடுகிறார்கள். அந்த அவையிலும் குறிப்பு இருந்தது. பேரீச்சமரத்தின் குருத்து அண்ணலார் முன் கொண்டுவரப்பட்டிருந்த வேளையில்தான் அவ்வினா எழுந்தது. இதற்கு மேலும் விடுகதை வீண் என்பாரை நோக்கி யாம் என்ன சொல்வது?

இரண்டாம் மறுப்பு மசலா நூல்களைப் பற்றியது. "அவற்றில் ஆதாரமற்ற செய்திகள் மலிந்துள்ளன, ஆதலின் அவற்றை ஒதுக்குவதே நன்று" என்கின்றனர். ஆயிர மசலாவில் யூத அறிஞராய் இருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் வினவ, நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக நூல் அமைகிறது. இந்த வினாவிடை மரபு அரபியில் தோன்றி, 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கும், பிற்காலத்தில் மலாய், ஜாவா மொழிகளுக்கும் பயணம் செய்தது. அதில் வரும் எல்லாச் செய்திகளும் ஹதீஸ் கலையின் உரைகல்லில் தேறா என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அதற்குத் தீர்வு நூலைப் புதைப்பதா? கம்பை ஊன்றிப் பயிரை நிமிர்த்துவது உழவர் வழக்கம். பயிரையே பிடுங்குவது அன்று. ஆலிம்கள் அடிக்குறிப்பு எழுதட்டும். 'இது கதை, இது ஹதீஸ்' என்று பிரித்துக் காட்டட்டும். அதுவே பிள்ளைகளுக்கு ஓர் அறிவுப் பயிற்சியாகும். "கதிரவனை ஒரே ஒருமுறை கண்ட நிலம் எது?" என்பது இம்மரபின் புகழ்பெற்ற வினாக்களுள் ஒன்று. மூஸா (அலை) அவர்களுக்காகக் கடல் பிளந்தபோது வெளிப்பட்ட அதன் அடித்தளம் என்பது விடை. இதனைக் கேட்ட பிள்ளை அந்த வரலாற்றை வாழ்நாளில் மறக்குமா?

வெள்ளாட்டி மசலாவையும் எண்ணிப் பாருங்கள். விலைக்கு விற்கப்படவிருந்த அடிமைப் பெண் ஒருத்தி அரசவையில் அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் விடை கூறி வெல்கிறாள். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் தவத்துத் என்னும் பெண்ணின் கதையே அது. நூறு மசலாவிலோ இளவரசி ஒருத்தி நூறு வினாக்களைக் கேட்கிறாள். விடையளித்த பின்னரே அப்பாஸ் அவளை மணக்க முடிகிறது. ஒரு நூலில் பெண் விடை பகர்கிறாள்; மற்றொன்றில் பெண்ணே வினவுகிறாள். பெண் கல்வியைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், நம் பாட்டிமார்கள் கேட்டு மகிழ்ந்த இக்கதைகளைப் பேத்திமார்களின் கண்ணில் படாமல் செய்துவிட்டோமே!

மூன்றாம் மறுப்பு துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையும் பற்றியது. மலிவான அட்டைப்படமும் ஆபாச வருணனையும் கொண்ட நூல்களை நாமும் வெறுக்கிறோம். ஆனால் களையைக் காட்டி வயலையே தரிசாக்கலாமா? அழகிய வரலாறு என்று இறைவனே சிறப்பித்த யூசுஃப் அத்தியாயத்தை ஓதிப் பாருங்கள். யூசுஃப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்படுகிறது. கண்டவர் எவருமில்லை. அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நீதி கூறுகிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் கூற்று மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் கூற்று மெய். சட்டை பின்புறம் கிழிந்திருந்தது, உண்மை வெளிப்பட்டது. தடயத்தைக் கொண்டு உண்மையைத் தேர்தல் என்பது இதுவன்றி வேறென்ன? நல்ல துப்பறியும் கதை பிள்ளைக்குக் கற்பிப்பதும் இதையேதான்: வதந்தியை நம்பாதே, தடயத்தைப் பார். வதந்தியால் ஊர்கள் எரிவதைக் கண்ட சமுதாயத்திற்கு இப்பாடம் வேண்டாததா?

தமிழ் நாவல் வரலாற்றில் இரண்டாவதாக எண்ணப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் இலங்கையின் அறிஞர் சித்தி லெப்பை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பிறப்பு மறைபொருளாய் நின்று, கதையின் போக்கில் மெல்ல அவிழ்கிறது. அதனை எழுதியவர் பொழுதுபோகாத மனிதரா? 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர். முஸ்லிம்களின் கல்விக்காகவும் பெண் கல்விக்காகவும் உழைத்தவர். படிக்கத் தயங்கும் சமுதாயத்தைப் படிக்க வைக்க மர்மத்தின் சுவை உதவும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம்தான் அறியவில்லை.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு குரல் எஞ்சும்: "இதனால் மதிப்பெண் கூடுமா?" அல்ஜிப்ரா என்னும் கணிதத்திற்குப் பெயர் தந்த நூலை 9ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்குவாரிஸ்மி, அதன் பெரும்பகுதியை வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ஒருவர் இன்னின்னாரை விட்டு இறந்தார், இவ்வளவு மரண சாசனம் செய்தார், யாருக்கு எவ்வளவு என்னும் ஒவ்வொன்றும் ஒரு புதிரே. அதே நூற்றாண்டில் அல்கிந்தி, எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என எண்ணி மறைமொழிக் கடிதங்களை அவிழ்க்கும் வழியைக் கண்டார். நம் தமிழ்க் கணக்கதிகாரமோ பலாப்பழத்தைப் பிளக்காமலே முள்ளை எண்ணிச் சுளையைக் கணக்கிடச் சொல்கிறது. புதிரில் களித்த மூளைகளே அறிவியலை வளர்த்தன. மதிப்பெண் அதன் நிழல். நிழலைத் துரத்துவோர் மரத்தை வெட்டிவிடுகின்றனர்.

மணலி புதுநகர் போன்ற ஊர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. இது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து எழுப்பிய புது ஊர். பல மாவட்டங்களிலிருந்து ஆலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்த குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. நன்னிம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்த வீட்டில் விடுகதை சொல்ல யாருளர்? வாப்பா இரவு ஷிப்டுக்குப் போகிறார். உம்மா வீட்டு வேலையில் களைத்திருக்கிறார். பிள்ளை கைப்பேசித் திரையில் மூழ்கியிருக்கிறது. வாய்மொழி மரபு அறுந்த இடத்தில் அதனைத் தாங்கிப் பிடிக்க வல்லது அச்சிட்ட நூல் ஒன்றே.

ஆதலின் மூன்று கோரிக்கைகளைச் சமுதாயத்தின் முன் வைக்கிறோம். ஒன்று: ஆயிர மசலா 1984இல் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. அதனையும் ஏனைய மசலா நூல்களையும் எளிய உரைநடையோடும் ஆலிம்களின் குறிப்புகளோடும் குடும்பப் பதிப்பாக வெளியிட மண்ணடியின் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும். இரண்டு: பள்ளிவாசல் நூலகம் ஒவ்வொன்றிலும் விடுகதை, கணக்குப் புதிர், தூய துப்பறியும் கதைகளுக்கென ஓர் அடுக்கு ஒதுக்கப்பட வேண்டும், அது சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், பூட்டு இருக்கலாகாது. மூன்று: வீடுதோறும் இரவுச் சோற்றுக்குப் பின் ஒரு வினா எழ வேண்டும். அதற்கு முதலில் விடை கூறும் உரிமை வீட்டின் இளைய பிள்ளைக்கே இருக்கட்டும். தவறாகச் சொன்னாலும் எவரும் நகைக்க வேண்டா.

அன்று அந்த அவையில் விடையறிந்த சிறுவர் நாணத்தால் வாய் மூடினார். அவர் பேசியிருக்கலாகாதா என்று உமர் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள். இன்றோ நம் பிள்ளைகள் அச்சத்தால் வாய் மூடுகிறார்கள். அவர்களைப் பேசவிடாதவர்கள் நாமாக இருக்கிறோம். அந்த ஏக்கத்தை உணரும் நெஞ்சைப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வல்ல நாயன் அருள்வானாக!