திரையில் இடிக்கலை... சரி, மெஷினில்?

கோவில்பட்டியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து, கோவைக்கு சி.என்.சி. வேலைக்கு பஸ் ஏறும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சிமுலேஷனில் டூல் எங்கும் இடிக்கவில்லையா? சந்தோஷம். ஆனால், வரைந்து கொடுத்த கிளாம்ப் மட்டும்தான் அதற்குத் தெரியும். அவசரத்துக்கு நீங்கள் மாட்டிய கிளாம்ப் தெரியாது. டூல் நீளம் 150-க்குப் பதில் மெஷினில் 105 என்று தட்டினால், 45 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும், அதுவும் தெரியாது.

வெட்டாமல் சும்மா நகரும் ‘ரேப்பிட்’ ஓட்டத்தில் நிமிடத்துக்கு 30 மீட்டர் போகிற மெஷின்கள் உண்டு. 10 சென்டிமீட்டர் தாண்ட 0.2 விநாடி. கை பட்டனுக்குப் போவதற்குள் ஸ்பிண்டில் பேரிங் போயே போச்சு!

முதல் பீஸுக்கு ரேப்பிடை 25 சதவீதமாகக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் ஓட்டுங்கள். ஜாபுக்கு மேலே டூலை நிறுத்தி, ‘இன்னும் போக வேண்டிய தூரம்’ என்று திரை காட்டுவதும் கண்ணில் தெரியும் இடைவெளியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும்.