பெயர் சுட்டாத ஆய்வேடுகள்

முத்தொள்ளாயிரம் என்னும் நூல் இன்று முழுமையாகத் தமிழர் கையில் இல்லை. மூவேந்தரையும் பாடிய அந்நூலின் பாடல்களுள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை மட்டுமே எஞ்சியுள. அவையேனும் எஞ்சியதற்குக் கரணியம், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு தொகுப்பாளர், தாம் திரட்டிய பாடல்கள் எந்தெந்த நூலினின்று எடுக்கப்பெற்றன என்பதையும் உடன் குறித்து வைத்ததே. அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. பிறர் நூலின் பெயரைச் சொல்லத் தவறவில்லை. அத்தொகுப்பே புறத்திரட்டு. வளையாபதியில் எஞ்சியவற்றுட் பெரும்பகுதியும் இங்ஙனமே பிழைத்தது. பாடலை மட்டும் எழுதிப் பெயரை விட்டிருப்பாராயின், அவை யாருடையவோ, எந்நூலைச் சார்ந்தனவோ என்று எவரும் அறியாதவாறு கிடந்திருக்கும். அவ்வாறு கிடப்பனவும் உளவே! உரையாசிரியன்மார் எடுத்துக்காட்டி, நூற்பெயர் சுட்டாது விட்ட பழம்பாடல்கள் எத்துணையோ, இன்றுவரை தாயறியாப் பிள்ளைகளாய் உரைகளுக்குள் நின்றுகொண்டிருக்கின்றன.

இந்த ஒன்றனை நெஞ்சிற் கொண்டு இற்றை முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டுவார்க்கு உள்ளம் நோகாமல் இராது. நானூறு பக்கம் இருக்கும். தோற்கட்டும் பொன்னெழுத்தும் இருக்கும். முகப்பில் நன்றியுரை நாலு பக்கம் ஓடும். உள்ளே செல்லச் செல்ல, 'அறிஞர் கூறுவர்', 'ஆய்வாளர் கருத்து', 'என்பர்' என்றே இருக்கும். எந்த அறிஞர், எந்த நூலில், எந்தப் பதிப்பில், எந்தப் பக்கத்தில் என்று தேடினால் ஒன்றும் கிட்டாது. ஈற்றில் துணைநூற்பட்டி மட்டும் இருநூறு நூலுக்குக் குறையாமல் நீண்டு கிடக்கும். அவற்றுட் பாதியை அம்மாணவர் கண்ணாலும் கண்டிரார். முன்னொருவர் ஆய்வேட்டின் பட்டியை அப்படியே பெயர்த்து வைத்தது அது. இதற்குச் சான்றும் அதனுள்ளேயே இருக்கும்: முன்னவர் ஆய்வேட்டில் அச்சுப்பிழையாய் விழுந்த ஆண்டும் பக்க எண்ணும், பின்னவர் ஆய்வேட்டிலும் அதே பிழையோடு வந்து அமர்ந்திருக்கும். களவாடியவன் உடைமையோடு உடையவனின் கைவிரற்சுவட்டையும் சேர்த்தே தூக்கிவந்த கதைதான்.

இதனைச் சுட்டிக்காட்டினால் ஒருசாரார் ஒரு விடை வைத்திருக்கின்றனர். அடிக்குறிப்பும் மேற்கோட்குறியும் மேலைநாட்டார் புகுத்திய நெறியாம். தமிழ்ப்புலமைக்கு அவை வேண்டாவாம். தமிழின்மேற் பற்றுடையார் போலப் பேசித் தமிழ்மரபையே அறியாதார் கூற்று இது. தொல்காப்பியர் தம் நூல் நெடுகிலும் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் 'என்மனார்' என்றும் முன்னோரைச் சுட்டிக்கொண்டே செல்கின்றார். தமக்கு முன்னே ஒரு புலவர் கூட்டம் இருந்தது, இக்கருத்து அவர்தம் வழிவந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மரபியலில் நூலை முதல் என்றும் வழி என்றும் பிரித்தார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். உத்திகளை எண்ணுமிடத்துத் தன் கோள் கூறல் என்பதை ஒன்றாகவும், பிறன் உடன்பட்டதைத் தான் உடன்படல் என்பதை வேறொன்றாகவும் வைத்தார். தன் கருத்து எது, பிறர் கருத்து எது என்னும் எல்லைக்கோட்டை இதனினும் தெளிவாக இடுவது எங்ஙனம்? 13-ஆம் நூற்றாண்டினரான நன்னூலார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பழைய நூற்பாக்கள் சிலவற்றைச் சொல் மாற்றாது தம் நூலுள் வைத்ததற்கு, முன்னையோர் சொல்லாட்சியின்மேற் கொண்ட மதிப்பும் ஒரு கரணியம் எனப் பாயிரத்திலேயே உரைத்துவிட்டார். அடியார்க்கு நல்லாரோ, சிலப்பதிகாரத்தின் இசைக்கும் கூத்துக்கும் தாம் துணைக்கொண்ட நூல்கள் இவை என்று இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என ஐந்தனைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டினார். ஒருவர் பெயர் சொன்னதனால், ஏடு அழிந்தாலும் நூலின் நினைவு அழியவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமியார் 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் பெருநூலை எழுத முடிந்ததும் இத்தகைய சுட்டல்கள் பழைய உரைகளில் இருந்தமையாலேயே.

பழைய உரையாசிரியர் பலர் நூற்பெயர் சுட்டாமலும் எடுத்தாண்டனரே என்று கேட்கலாம். மெய்தான். கேட்போர் நெஞ்சில் அந்நூல்கள் மனப்பாடமாய்க் கிடந்த காலம் அது. ஓரடியைத் தொடங்கியவுடன் எஞ்சிய அடிகளை அவையே சொல்லி முடித்திருக்கும். அதனை நம்பி அவர்கள் விட்டது எத்துணை இழப்பில் முடிந்தது என்பதை உ.வே. சாமிநாதரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். ஒரு மேற்கோளடி எந்நூலது எனக் கண்டறியச் சுவடி சுவடியாய் அலைந்தவர்கள் அவர்கள். மனப்பாடமும் போய், ஏடும் போய், அச்சுநூல் மட்டுமே எஞ்சிய இக்காலத்து ஆய்வாளர், அப்பழக்கத்தைத் தமக்கு அரணாகக் காட்டுவது பொருந்தாது.

பெயர் சுட்டினாற் போதுமா எனின், போதாது. 'கால்டுவெல்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவர் தப்பிவிடுகிறார். கால்டுவெலாரின் ஒப்பிலக்கணம் 1856-இல் முதன்முறை வெளிவந்தது. அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அவர் மறைந்து பல்லாண்டு கழித்து 1913-இல் வந்த மூன்றாம் பதிப்பில், இரண்டாம் பதிப்பின் சில பகுதிகள் பிறரால் நீக்கப்பட்டன. 'கால்டுவெல் இதுபற்றி ஒன்றும் கூறவில்லை' என ஒரு மாணவர் எழுதினால், எந்தக் கால்டுவெல் என்றன்றோ கேட்க வேண்டும்? பிறர் வெட்டியதை அவர் சொல்லாமல் விட்டதாக எழுதுவது அம்முதியவர்க்கு இழைக்கும் கேடு. திருக்குறளுக்கும் இதுவே. மணக்குடவர் வைத்த குறள்வரிசை வேறு, பரிமேலழகர் வைத்த வரிசை வேறு. தொல்காப்பிய நூற்பா எண்ணும் உரைக்கு உரை மாறும். எண்ணை மட்டும் எழுதி, எவர் உரைப்பதிப்பு என எழுதாமல் விட்டால், அவ்வெண் வழிகாட்டாது, வழி மயக்கும்.

தனித்தமிழ் அன்பர்கள் இனிவருவதைச் சற்றுப் பொறுமையோடு படித்தல் நன்று. ஏனெனில் குற்றம் மாற்றார் பக்கம் மட்டும் இல்லை. பாவாணர் 1940-இல் 'ஒப்பியன் மொழிநூல்' எழுதிய நாள்தொட்டு, வறுமையிலும் விடாது வேர்களைத் தோண்டித் தந்த சொல்விளக்கங்களைப் பெயர் சுட்டாது எடுத்தாள்வோர் பலர் தமிழன்பரே. மேடையிற் பேசுவோர் சொன்னால் விட்டுவிடலாம். ஆய்வேட்டில் எழுதுவோர் அதனைத் தம் கண்டுபிடிப்புப்போல் எழுதுவதை எவ்வாறு பொறுப்பது? பாவாணர் இருந்தபோது அவர்தம் கொள்கையைப் பல்கலைக்கழகங்கள் போற்றவில்லை என்று வருந்துவோர், அவர் மறைந்தபின் அவர் பெயரைத் தாமே மறைப்பது எவ்வகைப் போற்றல்?

இதன் மறுபுறம் இன்னும் கசப்பானது. உடன்பாடு இல்லாதார் பெயரைச் சொல்லக் கூசுதல். மேலே சொன்ன புறத்திரட்டை அச்சிற் கொணர்ந்தவர் எவர்? வையாபுரியார்! தமிழ்நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் என்று தனித்தமிழர் கடிந்த அதே வையாபுரியார்தான். அவர்தம் காலக்கணிப்பை மறுப்பது வேறு. அவர் பதிப்பினின்று பாடலை எடுத்துக்கொண்டு அவர் பெயரை விழுங்குவது வேறு. முன்னது ஆய்வு, பின்னது களவு. சென்னைப் பல்கலைக்கழக அகராதியைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாய் வந்த அவ்வகராதியின் சீர்கேடுகளைப் பற்றிப் பாவாணர் தனியே ஒரு நூலே எழுதினார். அவரால் அதனை எழுத முடிந்தது எதனால்? அவ்வகராதி, சொற்பொருளுக்கு இன்ன நூல், இன்ன இடம் எனச் சான்று குறித்திருந்தது. சொல் இன்ன மொழியினின்று வந்தது எனத் தன் கருத்தையும் வெளிப்படக் காட்டியிருந்தது. வெளிப்படக் காட்டியதனாற்றான் பிழையை விரல்வைத்துச் சுட்ட முடிந்தது. சான்று காட்டியவர் பிழைபட்டாலும் அவரோடு வழக்காடலாம். சான்று காட்டாதவரோடு என்ன வழக்காடுவது? தமிழ்த்தொன்மைபற்றி உண்மையையே ஒருவர் எழுதினாலும், இடம் சுட்டாமல் எழுதின், மாற்றார் அதனை ஒரு சொல்லில் தள்ளிவிடுவர். தள்ளியும் வருகின்றனர்.

அரசும் வாளாவிருக்கவில்லை. பல்கலைக்கழக நல்கைக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக ஓர் ஒழுங்குமுறை வகுத்தது. பிற எழுத்தோடு ஒப்புமை நூற்றுக்குப் பத்துவரை இருப்பின் ஒறுப்பில்லை. பத்துக்கு மேல் நாற்பதுவரை எனின் ஆறு திங்களுக்குள் திருத்தித் தரல் வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபதுவரை எனின் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் தர முடியாது. அறுபதைக் கடப்பின் பதிவே நீக்கப்படும். முறைப்படி பெயர் சுட்டிய மேற்கோள்கள் இக்கணக்கிற் சேரா. நல்ல ஏற்பாடுதான். ஆயின் இதனை அளப்பது கணினி. தன் களஞ்சியத்தில் உள்ள எழுத்தோடுதான் அது ஒப்பிடும். ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் சிற்றூர் அச்சகம் ஒன்றில் முந்நூறு படி அச்சாகி, கணினியில் ஏறாத தமிழ்நூல் அக்களஞ்சியத்தில் எப்படி இருக்கும்? ஆங்கில நூலின் பக்கங்களைத் தமிழாக்கித் தம்முடையதாய் வைப்பாரையும் அது எளிதிற் பிடிப்பதில்லை. தொல்காப்பியர் மொழிபெயர்ப்பையும் வழிநூல் என்று மதித்து இடங்கொடுத்திருக்க, அவ்விடத்தில் நேர்மையோடு நில்லாமல் முதனூலாசிரியர் வேடம் புனைவது இரங்கத்தக்கது. 'பத்துக்குள் வந்துவிட்டது' என்று சான்றிதழ் பெற்று மகிழும் மாணவரும், அதிற் கையொப்பமிடும் நெறியாளரும், பொறியை வென்றனரேயன்றி ஐயத்தை வெல்லவில்லை.

ஆகவே பொறுப்பு மீண்டும் நெறியாளரிடத்தும் தேர்வாளரிடத்துமே வந்து சேர்கிறது. மாணவர்க்கு முதலாண்டிலேயே, படிக்கும்போதே குறிப்பெடுக்கும் தாளில் நூல், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்கம் நான்கையும் எழுதும் பழக்கம் வரவேண்டும். ஆய்வேடு முடிந்தபின் தேடித் தொகுக்கும் குறிப்பு பெரும்பாலும் பொய்க்குறிப்பே. முதனூலைக் காணாது இன்னொருவர் வழியாக அறிந்ததாயின், இன்னார் நூலிற் கண்டது என்றே எழுதலாம், அதில் இழுக்கொன்றுமில்லை. 'மேலது' என்று எழுதுமுன், மேலே உள்ளது எது என ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இடையில் ஒரு குறிப்பைச் செருகியபின் 'மேலது' வேறொரு நூலைச் சுட்டி நிற்கும் ஆய்வேடுகள் உள்ளன.

வாய்மொழித் தேர்வு நாளில் வாழ்த்துரையும் மாலையும் சிற்றுண்டியும் இருக்கட்டும். அவற்றுக்கு முன் தேர்வாளர் ஒருவர் ஆய்வேட்டைத் திறந்து, கைக்கு வந்த ஐந்து அடிக்குறிப்புகளைச் சுட்டி, அந்நூல்களைக் கொண்டுவந்து அந்தந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்கட்டும். பல்கலைக்கழக நூலகம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. போய்வர அரைமணிப் பொழுதுகூட ஆகாது.