பதிவேட்டில் இல்லாத தாய்



அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்டால், "இந்தியா" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் முகம் இறுகும். நியூசிலாந்தில் இப்படி ஒரு தகப்பனிடமோ தாயிடமோ வளர்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால், மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் சிறுவர் சிறுமியரின் பழைய படம்!

அந்த மலை காலிம்போங். 1900-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் கிரஹாம் அங்கே ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். அஸ்ஸாம், டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். விவரம் தெரியாத வயதிலேயே தாயைப் பிரிந்தவர்கள் அவர்களில் உண்டு. 1908 முதல் 1938 வரை சுமார் 130 பேர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார்கள். ஆண்களுக்குப் பண்ணை வேலை, பெண்களுக்கு வீட்டு வேலை. அங்கேயே குடும்பமாகி, பிறந்த மண்ணைப் பற்றி வாய் திறக்காமலே பலர் வாழ்ந்து முடித்தார்கள்.

வரலாற்றாய்வாளர் ஜேன் மெக்கேப், அப்படிப் பேசாமலே போய்விட்ட தன் பாட்டியைத் தேடி அந்தப் பள்ளியின் கோப்புகள் வரை போனார். துரைமாரைப் பற்றி நிறையவே கிடைத்தது. தாய்மாரைப் பற்றிய குறிப்புதான் அரிது.

நம் பக்கமும் இதே கதைதான். சென்னை மாகாணத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பன் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய்க்கான இடத்தில் பல நேரம் 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. இப்படிப்பட்ட கலப்பு வழியில் வந்த ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவும் தந்தைவழியை வைத்தே சொல்கிறது. பெரம்பூரிலும் பொன்மலையிலும் ரயில்வே வேலையோடு தழைத்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், முப்பாட்டன் எந்த நாட்டுக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. முப்பாட்டி பெயரைக் கேட்டால் பதில் வருவது கடினம்.

மறைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறம் பார்த்து வேலை கொடுத்த காலம் அது. தாங்கள் பட்டது பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த மறைப்பில் முதலில் தொலைந்தவள், பத்து மாதம் சுமந்தவள்.

மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தேடுகிறவர்கள் அங்கே தேடலாம். அதற்கு முன், வீட்டில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். சொல்ல வராத இடத்தில் வற்புறுத்தாதீர்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் வரியில் பாட்டியின் பெயர் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்