டெக் கார்னர்: உங்கள் போனுக்கு எந்த டி.என்.எஸ்?

"டவர் ஃபுல்லா இருக்கு, வாட்ஸ்அப் வருது, ஆனா இந்த வெப்சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது!" இப்படிப் புலம்பினால், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் வைத்தியம் இது: "டி.என்.எஸ் மாத்திப் பாரு." மாற்றலாமா? மாற்றினால் எதற்கு மாற்றுவது?

டி.என்.எஸ் என்பது என்ன?

திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒருவர் பெயரைச் சொல்லி விசாரித்தால், டீக்கடைக்காரர் தெருவையும் வீட்டையும் சொல்வார். நம் போனுக்கு அந்த டீக்கடைக்காரர்தான் டி.என்.எஸ் சர்வர். நாம் டைப் செய்யும் வெப்சைட் பெயருக்கு உரிய எண் முகவரியை அது சொல்கிறது. வழக்கமாக சிம் கம்பெனியின் சர்வரிடம்தான் போன் கேட்கும். விரும்பினால் வேறு சர்வரிடமும் கேட்கலாம்.

தென்காசிக்காரர்களுக்குத் தெரிந்த ஜோஹோ

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனமே உதாரணம். 2018 செப்டம்பர் 24 அன்று, மோசடி மெயில் புகார்களைக் காரணம் காட்டி, ஜோஹோவின் டொமைன் பெயரைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அதை முடக்கியது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால், வழி சொல்ல ஆள் இல்லை. ஶ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியிருந்தது.

சில மணி நேரத்தில் பதிவு சரியானாலும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேவை திரும்பவில்லை. காரணம், பல டி.என்.எஸ் சர்வர்கள் பழைய பதிலையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் வேறு டி.என்.எஸ் கைகொடுக்கலாம். ஆனால், பதிவேட்டிலேயே பெயர் இல்லை என்றால் எந்த சர்வரும் காப்பாற்றாது.

எதைத் தேர்வு செய்யலாம்?

* கூகுள் (8.8.8.8): 2009 முதல் இருக்கிறது. வடிகட்டல் கிடையாது.
* கிளவுட்ஃப்ளேர் (1.1.1.1): 2018-ல் வந்தது. இதன் 1.1.1.3 சேவை, வைரஸ் தளங்களோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும்.
* குவாட்9 (9.9.9.9): லாப நோக்கமற்ற அமைப்பு. மோசடித் தளங்கள் என்று அறியப்பட்டவற்றைத் திறக்க விடாது.

குழந்தைகள் கையில் இருக்கும் போனுக்கு 1.1.1.3, நெட் பேங்கிங் செய்யும் பெரியவர்களுக்குக் குவாட்9. இதுதான் என் சாய்ஸ்.

எப்படி மாற்றுவது?

ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் 'பிரைவேட் டி.என்.எஸ்' இருக்கிறது. தேடல் கட்டத்தில் தட்டினாலே வந்துவிடும். அங்கே எண்ணை ஏற்காது, பெயரைத்தான் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். குவாட்9-க்கு 'டிஎன்எஸ் டாட் குவாட்9 டாட் நெட்'. 1.1.1.3-க்கு 'ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் காம்'.

இதையும் கவனியுங்கள்

* சிக்னல் வீக்காக இருந்தால் டி.என்.எஸ் மாற்றியும் பயனில்லை. டவுன்லோடு வேகம் கூடாது.
* யூடியூப் போன்ற தளத்துக்குள் இருக்கும் தனித்தனி வீடியோக்களை இது வடிகட்டாது. பிள்ளைகள் பார்ப்பதை நாமும் கவனிக்கத்தான் வேண்டும்.
* ஹோட்டல், ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் லாகின் பக்கம் வராவிட்டால், பிரைவேட் டி.என்.எஸ்ஸைத் தற்காலிகமாக 'ஆஃப்' செய்யுங்கள்.
* "இந்த டி.என்.எஸ் போட்டா நெட் ஃப்ரீ" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். வழி சொல்பவர் கெட்டவராக இருந்தால், போய்ச் சேரும் வீடும் தப்பாகத்தான் இருக்கும். பேங்க் பக்கம் திறக்கும்போது பிரவுசர் எச்சரித்தால், அதைத் தாண்டிப் போகவே கூடாது.

இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, வடிகட்டலும் தேவையில்லை என்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். மாற்றுவதாக இருந்தால், வழி கேட்பது யாரிடம் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.