வரப்பில் நிற்கும் காவல்

மலர் என்றதும் அதன் நிறமும் மணமுமே மக்கள் நினைவிற்கு வருகின்றன. வண்டுகள் தேனுண்ண வருவதும், அதனால் காய் உண்டாவதும் யாவரும் அறிந்தவை. ஆயினும், மலர் ஆற்றும் தொண்டு மற்றொன்று உண்டு. அது, தன் அயலில் நிற்கும் பயிரைப் பூச்சிகளினின்றும் காத்தலாகும். நெல்வயலின் வரப்பில் பூத்து நிற்கும் செடியை வீண் செடி என்று வெட்டி எறிதல் நன்றன்று. அதனைக் காவலாளாகக் கொள்வதே அறிவுடைமை.

நெற்பயிரின் பகைகளுள் கொடியது புகையான். இச்சிறு பூச்சிகள் தூரின் அடியிற் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் தீயிற் கருகினாற்போல வட்டம் வட்டமாகக் காய்ந்து விழும். இதனைக் கண்டு அஞ்சிய உழவர் உடனே பூச்சிக்கொல்லியைத் தெளிக்கின்றனர். வெளியே இருக்கும் பூச்சிகள் பல மடிகின்றன. ஆனால், இலையுறையின் உள்ளே இடப்பட்ட முட்டைகள் தப்பிவிடுகின்றன. புகையானைத் தின்னும் சிலந்திகளோ அந்நஞ்சுக்கு இரையாகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்பொழுது, வயலிற் பகை இருக்கும், காவல் இராது. பகை முன்னினும் பெருகும்.

உறைக்குள் மறைந்திருக்கும் அம்முட்டைகளையும் தேடி அழிக்க வல்ல உயிர் ஒன்று உண்டு. அதுவே ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத இக்குளவி, புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகின்றது. அதனின்று வெளிவரும் புழு, புகையானின் முட்டையையே உண்டு வளர்கின்றது. வளர்ந்த குளவிக்கோ தேன் உணவு வேண்டும். நெற்பூவில் தேன் இல்லை. தேன் கிடையாத குளவி விரைவில் இறக்கும். தேனுண்ட குளவி நெடுநாள் வாழ்ந்து மிகுதியான முட்டைகளை இடும். வரப்பில் மலர் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இதனை அறிஞர்கள் ஆய்ந்தும் கண்டுள்ளனர். சீனா, வியட்நாம், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவுகள் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தன. வயலைச் சுற்றித் தேன்மலர்ச் செடிகளை வளர்த்த இடங்களில் பூச்சிக்கொல்லி தெளித்தல் 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு உயர்ந்தது, வருவாயும் 7.5 விழுக்காடு பெருகியது.

மலர்கள் தீய பூச்சிகளையும் அழைத்து வாராவோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் நேரியதே. எல்லா மலரும் எல்லாப் பயிருக்கும் ஏற்றதன்று. ஆதலின், குளவிக்கு உணவாகியும் பகைக்குத் துணையாகாத மலரையே தேர்தல் வேண்டும். சீன நாட்டு ஆய்வில் எள்ளின் பூ அத்தகையதெனக் கண்டனர். எள்ளோ தமிழ் உழவருக்குப் பழகிய பயிர்; காவலும் புரியும், கூலியாக எண்ணெய் வித்தையும் தரும்.

பகையை அழைக்கும் பூவையும் பயனுறச் செய்யலாம். தக்காளித் தோட்டத்தில் 16 வரிசைக்கு ஒரு வரிசை வீதம் துலுக்கச் சாமந்தியை நடுவதுண்டு. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அம்மலரையே விரும்பி நாடி முட்டையிடும். அப்பூக்களைக் கவனித்துப் புழுக்களை அழித்தால் தக்காளி பிழைக்கும்.

மலர் மட்டும் எல்லாத் துன்பத்தையும் நீக்கிவிடாது என்பது உண்மை. வரப்பிற் பூவை வளர்த்துவிட்டு வயலில் நஞ்சை வாரி இறைத்தால், விருந்துக்கு அழைத்தவரை வாயிலிலேயே கொல்வதாக முடியும். மருந்தைக் கடைசிப் படையாக வைத்துக்கொள்ளலே முறை. அவ்வாறு செய்தால் உழவரின் பணம் மிஞ்சும். தெளிப்பவரின் உடல் நலம் கெடாது. வாய்க்காலில் மீனும் வாழும்.

செடியற்ற வரப்பே சிறந்த வரப்பு என்னும் எண்ணம் மாறுதல் வேண்டும். மாணவர் ஒரு காலைப்பொழுதில் வரப்பருகே அமர்ந்து, ஒரு பூவிற்கு வந்து செல்லும் உயிர்களை எண்ணிப் பார்க்கட்டும். பயிரைக் காப்பதென்பது பூச்சிகளையெல்லாம் கொல்வதன்று. நல்ல பூச்சிகளுக்கு உணவளித்து வாழவைப்பதே என்பது அவர்களுக்கு விளங்கும்.