ஜெபம் பண்ணிட்டு சும்மா இருக்கலாமா?



போன மாதம் எங்க வீட்டில் பெரிய வாக்குவாதம். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்கணும் என்கிறாள். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை வீட்டில் வருமானம் கிடையாது. கடன் வாங்கித்தான் படிக்க வைக்கணும். அத்தை வந்து, "அவசரப்படாதடா தம்பி, கர்த்தர் ஒரு அடையாளம் காட்டுவார், அதுவரை ஜெபம் பண்ணிக் காத்திரு" என்று சொல்லிட்டாங்க. விண்ணப்பம் போட மீதி இருந்ததோ பத்தே நாள்! அப்பா ஒன்றும் பேசாமல் தறிக்குழியில் இறங்கிட்டார்.

நானும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் அத்தை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்ம ஓரிக்கையில் பெரிய வியாதி என்றால் "வேலூருக்குக் கொண்டு போ" என்பார்கள். அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி டாக்டர் குடும்பம். ஆனால் இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அவரைத் தேடி வந்தார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டரான அவருடைய அப்பா பார்க்கக் கூடாது, நீங்கதான் வரணும் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அன்றிரவு அவரும் ஜெபம் பண்ணினார். அதோடு நிறுத்தவில்லை. அமெரிக்கா போய் கார்னெல்லில் படித்து 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்றபோது, மூன்று பேர் வந்தாலே அதிர்ஷ்டம் என்றார்களாம். விண்ணப்பித்தது 151 பேர்!

அவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை, முதலில் படித்தார். இயேசுவையே பிசாசு கோபுரத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். அவர் குதிக்கவில்லையே! 2020-ல் கொரோனா ஊரடங்கில் சர்ச்சைப் பூட்டியபோது இதே அத்தைதான், வீட்டிலிருந்தே ஜெபிப்போம், கடவுளைச் சோதிக்கக் கூடாது என்றார்கள். அன்னைக்கு இருந்த ஞானம் இப்போ எங்கே போச்சு? (அத்தை இதைப் படித்தால் எனக்கு அடி நிச்சயம்.)

தாலந்து உவமையில் ஒருத்தன் தன் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தான். அவன் திருடவில்லை, ஊதாரித்தனம் பண்ணவில்லை. பயந்தான், அவ்வளவுதான். எஜமான் கோபித்துக்கொண்டது அவனைத்தான். சில நேரம் "அடையாளம் வரட்டும்" என்பதும் அந்தப் பயம்தானோ என்று எனக்குத் தோணுது.

கடன் என்றால் எனக்கும் பயம்தான். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்து பணத்தை விட்டவர்களும் உண்டு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு ஞாயிறு சாயங்காலம் நானும் அப்பாவும் என் ரஃப் நோட்டில் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாம் எழுதிக் கூட்டினோம். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா என்று பார்த்து, இல்லாத இரண்டு கல்லூரிகளை அடித்துவிட்டோம். அப்புறம் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம்.

விண்ணப்பம் போட்டாச்சு. சீட் கிடைக்குமா தெரியாது. அத்தை இன்னும் எங்க வீட்டுப் பக்கம் வரவில்லை.

- 11ஆம் வகுப்பு மாணவி